தாலாட்டும் சட்டமும்



1936 ஆம் ஆண்டு மே மாதத்திலே ‘சர்க்கஸ்’ என்னும் இசை நகைச்சுவைப் படம் மொஸ்கோவில் வெளிவந்தது. இயக்கியவர் கிரிகோரி அலெக்சாந்திரொவ். இசையமைத்தவர் இசாக் துனயெவ்ஸ்கி. பீரங்கியின்மேல் நின்று கதாநாயகி லியுபொவ் ஒர்லோவா ஆடிப்பாடுவதை இன்று காண்பவரும் புன்முறுவல் பூப்பர். ஆயினும் நான் பேச வந்தது அப்படத்தின் தாலாட்டைப் பற்றியே.

கறுப்பினக் குழந்தையொன்றை ஈன்றமைக்காக அமெரிக்காவில் வெறிகொண்ட கூட்டத்தினரால் துரத்தப்பட்ட ஒருத்தி மொஸ்கோ சர்க்கஸில் ஆட வருகிறாள். அவளை ஆட்டிப்படைக்கும் ஜேர்மானியன், அக்குழந்தையைச் சபை நடுவே காட்டி அவளை அவமானப்படுத்த முயல்கிறான். சபையோரோ நகைத்துவிட்டுக் குழந்தையைக் கைக்குக் கை வாங்கித் தத்தம் தாய்மொழியிலே தாலாட்டுகின்றனர். யூதரின் இத்திஷ் மொழியிற் பாடுபவர் சொலமன் மிகோயல்ஸ், மொஸ்கோ அரச யூத நாடக அரங்கின் தலைவர், பெரும் நடிகர்.

அதே ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் அரசியற் சட்டம் நிறைவேறியது. இன வேறுபாடின்றி யாவர்க்கும் சமவுரிமை என்றது 123 ஆம் பிரிவு. அவ்வுரிமையை மறைமுகமாகக் குறைப்பதும் தண்டனைக்குரியது என்றது. சட்டம் கற்றவன் என்ற முறையிற் சொல்லுகிறேன்: சொற்களிலே குறை காண்பதற்கில்லை.

1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரிலே மிகோயல்ஸ் கொல்லப்பட்டார். ஸ்டாலினின் ஆணைப்படி இரகசியப் பொலிசார் செய்த கொலை அது. விபத்தென்று அறிவித்து, பெருஞ்சிறப்போடு இறுதிச் சடங்கும் நடத்தினார்கள்! மறுவருடம் அவருடைய அரங்கு மூடப்பட்டது. படத்திலிருந்தும் அவர் பாடிய பகுதி கத்தரிக்கப்பட்டது. 123 ஆம் பிரிவை மட்டும் எவரும் கத்தரிக்கவில்லை.

அப்பிரிவைக் கையிலேந்தி எந்த நீதிமன்றத்தின் படியேறுவது? 1952 இல் இத்திஷ் எழுத்தாளர் உட்படப் பதினைந்து பேர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். மூடிய அறை. எதிரிகளுக்காக வாதாட ஓர் அப்புக்காத்துத்தானும் இல்லை. அவ்வளவு ஏன், வழக்குத் தொடுநரே இல்லை! ஓகஸ்ட் 12 ஆம் நாள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மிகோயல்ஸுக்குப் பின் அவ்வரங்கை நடத்திய நடிகர் வெனியமின் சூஸ்கின் அவர்களுள் ஒருவர்.

1955 இல், ஸ்டாலின் மறைந்தபின், அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. கத்தரித்த அடிகளும் பிற்காலத்திலே படத்திற் சேர்க்கப்பட்டன. இன்று அப்படத்தைக் காண்போர் மிகோயல்ஸின் குரலைக் கேட்கலாம். மூடிய அரங்கை எவரும் மீளத் திறக்கவில்லை.