பழவேற்காட்டின் முகத்துவாரம்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு கோடியில், பொன்னேரிக்கு அப்பால், சாலை ஓர் ஏரிக்கரையில் போய் முடிகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. கரையில் இருக்கும் மீனவர் ஊர்தான் பழவேற்காடு.

காலையில் அங்கே இறாலும் நண்டும் மடவையும் ஏலம் போகின்றன. 400 ஆண்டுகளுக்கு முன்பு விலை பேசப்பட்டது துணிக்கு. இங்கிருந்து போன கட்டம் போட்ட துணிகளைக் கொடுத்துத்தான் டச்சுக்காரர்கள் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். 1610இல் விஜயநகர அரசரின் அனுமதியோடு பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதைத் தகர்த்தார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. உள்ளே நாணயம் அச்சிட்டார்கள்; ஊரில் வெடிமருந்தும் செய்தார்கள்.

துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கிழக்குத் தீவுகளில் இருந்த படாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மசாலா வணிகத்தின் பெருமையைப் பேசுகிற எவரும் இதை விட்டுவிடக் கூடாது.

இத்தனைக்கும் இங்கே ஆழமான துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டன. சரக்கைச் சிறு படகுகள் ஏற்றி இறக்கின. 1690இல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போகவே, தலைமையகம் மீண்டும் இங்கே திரும்பியது. 1825இல் ஊர் ஆங்கிலேயருக்குக் கைமாறியது. கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழியும் புதர் மண்டிய மேடும்தான்.

துறைமுகம் போனது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மட்டும் இன்றும் ஊரின் உயிர்நாடி. மணல் அதை அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது. ஏரியில் உப்பின் அளவு மாறி இறாலும் குறையும். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை மீனவர்களே முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. இருளர்கள் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். மணல் மேடு ஏற ஏற, முதலில் அடி விழுவது இவர்களுக்குத்தான். முகத்துவாரத்தைத் தூர்வாருவது இங்கே சோற்றுப் பிரச்சினை.

2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால், போகிறவர்கள் உல்லாசப் படகு தேட வேண்டாம். வாசலில் எலும்புக்கூடுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். திரும்பும்போது கரையிலேயே மீன் வாங்குங்கள்.