பிறந்தது முதல் ஐம்பது வரை



நியூஜிலாந்தின் தென்தீவிலுள்ள டனீடின் நகரில், 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை ஓர் ஆய்வு இன்றளவும் தொடர்ந்து வருகிறது. மூன்றாம் வயதில் பரிசோதனைக்கு வந்தோர் 1,037 பேர். இதனை நிறுவி நடத்தியவர் ஃபில் சில்வா என்னும் உளவியலார். இத்தகைய குழுவை ஆங்கிலத்தில் ‘கோஹார்ட்’ என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கும் இசைந்த தமிழ்ச் சொல் அகப்படவில்லை. ‘ஓராண்டுப் பிறவியர்’ என வைத்துக்கொள்வோம்.

ஆய்வைத் தொடங்குவது எளிது. ஆட்களை இழவாது காப்பதே அரிது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்வோரின் விலாசம் எத்துணை விரைவில் தொலைகிறது என்பது நம்மனோர் அறியாததன்று. டனீடின் பிள்ளைகளிலும் பலர் கடல் கடந்தனர். 2000-இல் தலைமையேற்ற ரிச்சி போல்டன், முன்னர் இதே ஆய்வில் பேட்டி காணும் பணியிலிருந்தவர். அயல்நாட்டில் இருப்போரை ஆய்வுச் செலவிலேயே விமானத்தில் வரவழைப்பதும், சொன்னதைப் பிறர் அறியாமல் காப்பதும் அங்கு வழக்கம். 45-ஆம் வயதில், உயிருடனிருந்த 997 பேரில் 938 பேர் வந்தனர்! இப்படி வந்ததனாலன்றோ, இளமையில் தன்னடக்கம் குறைந்தோர் 32-ஆம் வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் பின்தங்கினர் என்று 2011-இல் எழுத முடிந்தது! குடும்ப வசதியைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நின்றது.

போல்டன் 2023-இல் காலமானார். மோவானா தியோடோர் என்னும் அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார். அன்று மூன்று வயதினராய் வந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்.