வீட்டுப் பிராணியும் வீட்டுத் தூசும்

அப்புத்தளையில் மாலை வேளையில் மூடுபனி ஏறத் தொடங்கினால், வாசலிற் படுத்திருந்த நாயும் பூனையும் வீட்டினுள் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஊர் அது. குளிருக்கு அஞ்சிக் கதவும் யன்னலும் அடைக்கப்படும். கம்பளத்திலும் கதிரை மெத்தையிலும் உதிர்ந்த உரோமம் அங்கேயே தங்கிவிடும். அவ்வீட்டிலே தொய்வு நோயுள்ள குழந்தை ஒன்று இருப்பின், இரவில் அதன் இழுப்பைக் கேட்கும் பெற்றோர் நாயைத்தான் நோக்குவர். "இதனை யாருக்காவது கொடுத்துவிடுவோமா?" என்ற பேச்சும் எழும். அப்பேச்சு முடிவாகுமுன் நேயர்கள் சிந்திக்கவேண்டியன சில உள.

துன்பத்துக்கு மூலகாரணம் கண்ணுக்குத் தெரியும் உரோமம் அன்று. பிராணியின் தோலிலிருந்து உதிரும் நுண்பொடுகும், அது நக்குவதால் உரோமத்திற் காயும் உமிழ்நீருமே ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. தும்புத்தடியால் விசையாகக் கூட்டும்போது உரோமம் மூலையிற் சேரும். நுண்பொடியோ காற்றில் எழுந்து, நெடுநேரம் மிதந்து, குழந்தையின் மூக்கினுட் புகும்.

இவ்வுண்மையைத் தம் உடலாலேயே அறிந்தவர் ஒருவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கன்டன் நகரிலே வாழ்ந்தார். ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்னும் அவர் ஒரு கடையிலே துப்புரவுத் தொழில் புரிந்தவர், தொய்வு நோயாளி. தூசு தம் நோயை வளர்ப்பதைக் கண்ட அவர், மின்விசிறி மோட்டார், தும்புத்தடிக் கைபிடி, தலையணை உறை முதலியவற்றை இணைத்துத் தூசுறிஞ்சும் கருவி ஒன்றை அமைத்து, 1908 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் கம்பியில்லாத கருவிகள் அதன் வழித்தோன்றல்களே.

அவற்றுள் எதனை வாங்குவது? உறிஞ்சும் ஆற்றலைப் பற்றிய பெரிய இலக்கங்களைக் கண்டு மயங்கவேண்டா. முதலிற் பார்க்கவேண்டியது தூரிகை. மோட்டாரால் தானே சுழலும் தூரிகையே கம்பளத்திற் பின்னிய உரோமத்தைக் கிளறி எடுக்கும். உரோமம் சுற்றிக்கொண்டால் அதனை எளிதிற் கழற்ற இயலுமா என்று கடையிலேயே கழற்றிப் பார்த்தல் நன்று. மெத்தைக்கெனச் சிறு தூரிகையும் உடன் இருத்தல் வேண்டும்.

அடுத்தது வடிகட்டி. 'ஹெப்பா' எனப்படும் வகை, 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கவல்லது. ஆயினும் கருவியின் உடலிற் கசிவிருந்தால், உறிஞ்சிய நுண்தூசு மறுபடியும் அறைக்குள்ளேயே வீசப்படும். கழுவத்தக்க வடிகட்டியாயின், நன்கு உலர்ந்த பின்னரே அதனைப் பொருத்தவேண்டும். பனியும் மழையும் மிகுந்த மலைநாட்டில் அது உலர நாட்கள் செல்லலாம். ஆகையால் மாற்று வடிகட்டி ஒன்று கைவசம் இருத்தல் நலம்.

மூன்றாவது பற்றரி. விளம்பரத்திற் கூறப்படும் நேரம் பெரும்பாலும் மிகக் குறைந்த விசையில் இயங்கும் நேரமே. உச்ச விசையில் அது பன்மடங்கு குறையும். பற்றரி நாளடைவில் தளர்வது இயற்கை. எனவே தனியே கழற்றி மாற்றத்தக்கதும், மாற்றுப் பற்றரி இலங்கையிற் கிடைக்கக்கூடியதுமான கருவியே தக்கது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கருவியாயின், அதன் மின்னேற்றி இந்நாட்டு 230 வோல்ற்று மின்சாரத்தை ஏற்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

கம்பளமில்லாத சீமெந்துத் தரையுடைய தோட்டத்து வீடுகளில் இவ்வளவு செலவும் வேண்டியதில்லை. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாலே தூசு எழும்பாது அகலும்.

எக்கருவியும் மருந்தாகிவிடாது. பிராணியை நாள்தோறும் வெளியிலே வைத்துச் சீவுதலும், குழந்தை உறங்கும் அறைக்குள் அதனை விடாதிருத்தலும், துப்புரவு செய்யும்போது குழந்தையை அகற்றி யன்னலைத் திறத்தலும் இன்றியமையாதவை. இவற்றின் பின்னும் இழுப்பு நீங்காவிடின் மருத்துவர் சொல்லே முடிவாகட்டும். இவற்றுள் ஒன்றையேனும் செய்து பாராமல், வாயில்லாப் பிராணியை வீட்டைவிட்டு அனுப்புதல் முறையாகுமா?