உழவிற்கு அரசினர் செய்யும் செலவு
(ஆவடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் நிறைவேற்றக் கருதியுள்ள தீர்மானங்களுள், பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யுமாறு அரசினரை வேண்டுவது முதலாவதாக நிற்கின்றது. அதனை எதிர்க்க யாம் எழவில்லை. அதற்கு முன்னர் வேறொன்று நிற்றல் வேண்டுமென்பதே எம் விண்ணப்பம்.

ஆவடியினின்று திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் செவ்வாப்பேட்டைக்கு அண்மையிலுள்ளது திரூர். ஆங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் 1952-இல் வெளிவந்தது டி.கே.எம். 6 என்னும் நெல். குருத்துப்பூச்சியைத் தாங்கும் அதன் குணத்தை நாடி, பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தம் நெல்லொடு கலப்புச் செய்தனர். 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஐ.ஆர். 20 அவ்வாறு பிறந்ததே. சம்பாப் பட்டத்தில் அதனை விதைத்த முதியோர் இவ்வவையிலும் இருப்பர். நம் அயலூர் நெல் கடல் கடந்து சென்று, வேறு பெயர் பூண்டு நம் வயலுக்கே மீண்டதென்று அவருள் எத்தனைபேர் அறிவர்? பின்னர் 1978-இல் டி.கே.எம். 9, 2015-இல் டி.கே.எம். 13 என அந்நிலையத்தின் பணி தொடர்ந்தது.

இச்செலவின் தன்மையை நோக்குமின். நல்விதை ஒன்று கிடைப்பின், உழவன் அடுத்த போகத்திற்கு எடுத்து வைக்கின்றான். அண்டை வயலானுக்கும் கொடுக்கின்றான். பட்டா உண்டோ, சிட்டா உண்டோவென்று விதை கேட்பதில்லை. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பெற்றது. கடன்பட்டோர் மூச்சுவிட்டனர், மெய்யே. ஆயின், அடங்கலில் பெயரின்றி வாரத்திற்கு உழுது வட்டிக்கடையில் கடன் வாங்கியவனுக்கு அதனால் விளைந்ததென்ன?

அவ்வாண்டு ஆகஸ்டு 14-இல் தமிழ்நாட்டில் முதன்முறையாக வேளாண்மைக்கெனத் தனி வரவு செலவுத் திட்டம் வைக்கப்பெற்றது. 34,220 கோடி ரூபாயில் ஏறத்தாழ 4,508 கோடி இலவச மின்சாரத்திற்காக மின்வாரியத்திற்குரியது. பம்புசெட்டு வைத்தாரை யாம் பழிக்கவில்லை. எம் வீட்டிலும் ஒன்று உண்டு. ஆயினும் கிணறில்லாதவனுக்கு அதில் பங்கில்லை. உள்ளவனுக்கோ ஆண்டுதோறும் நீர் கீழே போகின்றது. இந்திய நாட்டுப்புறச் செலவுகளை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த சர்வதேச ஆய்வொன்று, விளைச்சலைப் பெருக்குவதில் ஆராய்ச்சியும், வறுமையைக் குறைப்பதில் சாலையும் முதலிடம் பெற்றமை கண்டது.

அம்பத்தூரும் கொரட்டூரும் மனைகளாகிவிட்டபின் நமக்கு நெல்லாராய்ச்சி எதற்கென்று நண்பரொருவர் வினவினார். ஏரிக்கால் வயலை விற்றோம், சோறுண்பதை விட்டோமில்லை!

ஆதலின், திரூர் நிலையத்திற்கு ஆளும் பொருளும் குறைவுபடாமல் ஆண்டுதோறும் ஒதுக்கவும், அதன் நிலத்தை வேறெதற்கும் எடாதிருக்கவும், பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கங்களில் இன்னும் பாசனத்திற்கு உதவும் ஏரிகளின் மதகுகளையும் வரத்துக்கால்களையும் செப்பனிடவும் அரசினரை வேண்டும் தீர்மானத்தை முதலாவதாக வைக்குமாறு அக்கிராசனரை வேண்டுகின்றோம். கடன் தீர்மானம் இரண்டாவதாக வரட்டும். அதற்கும் கை தூக்குவோம்.