இளவரசர் முன்னால் வரவில்லை! வேலூர் 1806 நமக்குச் சொல்லும் பாடம்

(பங்சாரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த குடும்பக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



பினாங்கு என்றால் நமக்குத் தைப்பூசமும் கொடிமலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1802-இல் வெள்ளைக்காரக் கும்பினி அதைச் சிறைத் தீவாகவும் பயன்படுத்தியது. சிவகங்கையில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்ட நம் பாட்டன்கள் வந்தது பிற்பாடு. அதற்கு முன்பே இந்த மண்ணில் தமிழனின் கால் பட்டது, விலங்கோடு!

எதிர்த்தவர்களையும் அரச குடும்பங்களையும் ஊரைவிட்டு அப்புறப்படுத்துவது கும்பினியின் வழக்கம். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் மைசூரிலிருந்து கிளப்பி வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மாதாமாதம் உதவிப் பணம் கொடுத்தார்கள், சுற்றிலும் காவலும் போட்டார்கள். காவல் நின்றவர்களில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் சென்னைப் படையின் நம்மூர்ச் சிப்பாய்கள். தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் அதில் இருந்தார்கள். இந்துவும் முஸ்லிமும் ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கூலிக்கு வேலை செய்தவர்கள்தான், நம்மைப் போல.

அந்தச் சிப்பாய்களுக்கு 1805 நவம்பரில் ஒரு புதிய உத்தரவு வந்தது. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. கூடவே தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை ஒன்றும் வந்தது. அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்று சிப்பாய்கள் கலங்கினார்கள். படைத் தளபதி கிரடாக் போட்ட உத்தரவு அது. கவர்னர் பெண்டிங் அதற்குத் தலையசைத்தார்.

சிப்பாய்கள் எடுத்தவுடன் துப்பாக்கியைத் தூக்கவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1806 மே மாதத்தில் இந்தத் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்று வாயால்தான் சொன்னார்கள். கிடைத்தது என்ன? 21 பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் ராணுவ விசாரணை! ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தினார்கள். மற்ற 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். கிளர்ச்சி வரப்போகிறது என்று முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே எச்சரித்தபோது, அவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லிப் பிடித்து அடைத்தார்கள்.

குறை சொன்னவனை அடித்து, எச்சரித்தவனை அடைத்தால் மிச்சம் என்ன வழி இருக்கிறது?

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். அடுத்து விடிவதற்குள், ஜூலை 10 அதிகாலையில், கோட்டை வெடித்தது. வெள்ளை அதிகாரிகளும் சிப்பாய்களும் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தூக்கத்திலும் மருத்துவமனைப் படுக்கையிலும் இருந்தவர்கள் அதில் உண்டு. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. மைசூர்க் கொடி ஏறியது. திப்புவின் மூத்த மகன் பத்தே ஹைதர்தான் அரசர் என்று அறிவித்தார்கள்.

ஆனால் எந்த இளவரசரும் முன்னால் நின்று படை நடத்தவில்லை. சிலர் கொள்ளையில் இறங்கினார்கள். வெளிவாசலை யாரும் ஒழுங்காகக் காக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அங்கிருந்து சுமார் 26 கிலோமீட்டர் குதிரையில் பாய்ந்து வந்தார் கில்லெஸ்பி. பீரங்கியால் வாசல் உடைந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். குறைந்தது 350 சிப்பாய்கள் மாண்டார்கள் என்பது ஒரு கணக்கு. அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. விசாரணைக்குப் பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். 8 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இளவரசர்கள் என்ன ஆனார்கள்? கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள், உதவிப் பணத்தோடு. கவர்னர் பெண்டிங்கைத் திருப்பி அழைத்தார்கள். அதே மனிதர் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே மறுபடியும் வந்தார்! பெரிய மனிதர்கள் விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவார்கள்.

அப்படியானால் சிப்பாய்கள் தோற்றார்களா? இங்கேதான் யோசிக்க வேண்டும். ராஜாவுக்காகக் கேட்டது கிடைக்கவில்லை. கோட்டையில் அந்தக் கொடி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் தங்களுக்காகக் கேட்டது கிடைத்தது! தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. தன் தலைக்கும் தன் நெற்றிக்கும் மரியாதை கேட்டான் பாருங்கள், அந்தப் பங்கு வென்றது. உயிரைக் கொடுத்தபின் வென்றது என்பதுதான் துயரம். மே மாதமே காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஜூலையில் ஒருவரும் சாக வேண்டியதில்லை.

நம்முடைய கிள்ளானையும் நினைத்துப் பாருங்கள். 1941-இல் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் எந்த அரச வாரிசும் இல்லை, பத்திரிகைக்காரர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கேவலம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அன்று தலைப்பாகை, இங்கே சைக்கிள். இரண்டுமே மானம்தான்! அதற்கும் ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. நாதனை நாடு கடத்தினார்கள்.

உறவுகளே, இன்று நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு பேசவும், கூடவும், சங்கம் அமைக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. வரம்புகள் உண்டு, ஆனாலும் உரிமை உரிமைதான். குறை இருந்தால் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

யாரோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை வந்து நம்மை மீட்பார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வேலூரில் அவர் முன்னால் வரவில்லை.