உயில் எழுதினா ஆயுசு குறைஞ்சிடுமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பாரா லீகல் தன்னார்வலர் பயிற்சிக்குப் போனப்போ, குடும்ப வன்முறை, ஜீவனாம்சம் இதைத்தான் முக்கியமாச் சொல்லித் தருவாங்கன்னு நினைச்சேன். அதையும் சொன்னாங்க. ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது வாரிசுரிமைப் பாடம்தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட, "நீ ஒரு உயில் எழுதி வச்சிரும்மா"ன்னு சொன்னேன். "ஏண்டி, என்னை எப்ப அனுப்பலாம்னு பாக்குறியா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு நாள் என்கூடப் பேச்சே இல்ல.

இப்ப நீங்க சிரிக்கிறீங்க. உங்க வீட்டுலயும் இதேதான் நடக்கும். உயில்னா பங்களாக்காரங்க சமாச்சாரம், சாகக் கிடக்கிறவங்க எழுதுறதுன்னு ஒரு நினைப்பு.

2009-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கைச் சொல்றேன். ஒரு பெண். கல்யாணமாகி மூணே மாசத்தில் புருஷன் இறந்துட்டார். மாமியார் வீட்டில் விரட்டி விட்டுட்டாங்க. பிறந்த வீட்டில்தான் படிக்க வச்சாங்க. வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்னாங்க. நாற்பது வருஷத்துக்கு மேல் புகுந்த வீட்டோட ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பிள்ளைகளும் கிடையாது. 1996-ல் உயில் எழுதாம இறந்துட்டாங்க. பேங்கில் பணம் இருந்தது, பி.எஃப். பணம் இருந்தது. பெத்த தாய் கேட்டு மனு போட்டாங்க. செத்துப்போன புருஷனோட சகோதரி பிள்ளைகளும் கேட்டாங்க. யாருக்குக் கிடைச்சது தெரியுமா? அந்த நாத்தனார் பிள்ளைகளுக்கு. இரக்கப்பட்டுச் சட்டத்தை மாத்த முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிருச்சு.

சட்டம் என்ன சொல்லுது? 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆவது பிரிவு. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், முதலில் அவள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லையென்றால் அடுத்தது கணவனுடைய வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் பெத்த தாய் தகப்பனுக்கு. தாய் தகப்பன் வழியில் வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாதபோது தகப்பனுடைய வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் உழைத்துச் சேர்த்தது திரும்பாது.

இதே ஒரு மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. மகன் சொத்தில் தாய் முதல் வரிசையில் இருக்கா. மகள் சொத்தில் கொழுந்தன், நாத்தனாருக்கும் பின்னாடி நிக்கிறா. பெத்த வயிறு ஒண்ணுதானே, ரெண்டுக்கும்?

பிள்ளைகள் இருக்கிறவங்க, நமக்கு இது இல்லன்னு நினைக்காதீங்க. நம்ம குழுக்களிலேயே புருஷன் விட்டுட்டுப் போய், தனியா நின்னு பிள்ளைகளை வளர்த்தவங்க இருக்காங்க. குழுக் கடன் வாங்கி மாவு மில் வச்சு, தையல் மெஷின் போட்டு, ரெண்டு சென்ட் இடம் வாங்கினவங்க இருக்காங்க. அந்த மனுஷன் எங்க இருக்காருன்னே தெரியாது. ஆனா கோர்ட்டில் விவாகரத்து ஆகலைன்னா, சட்டப்படி அவர்தான் இன்னும் புருஷன். உங்க பிள்ளைகளுக்குச் சமமா அவருக்கும் ஒரு பங்கு. உயில் எழுதினால்தான் இதைத் தடுக்க முடியும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 18 வயசு முடிஞ்சு, நல்ல புத்தியோடு இருக்கணும். உங்க பேரில் இருக்கிற சொத்து என்னென்ன, அது யார் யாருக்குன்னு தெளிவா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கைநாட்டும் செல்லும். ரெண்டு சாட்சி கட்டாயம். நீங்க கையெழுத்துப் போடும்போது ரெண்டு பேரும் கூட இருந்து பார்த்து, உங்க முன்னாடியே அவங்களும் போடணும். சொத்து வாங்கப்போற பிள்ளையையே சாட்சியா வைக்காதீங்க, பின்னாடி சந்தேகம் கிளப்ப இடம் கொடுக்கும். உங்களைவிட வயசு குறைஞ்சவங்களா இருந்தா நல்லது. நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல அவங்க இருக்கணும்ல!

சார்பதிவாளர் ஆபீசில் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. ஆனா பண்ணிடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். பீரோவில் இருக்கிற தாள் காணாமப் போகும், பதிவேடு போகாது. மனசு மாறினா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி எழுதலாம். கடைசியா எழுதினதுதான் செல்லும்.

இதைச் செட்டில்மெண்ட் பத்திரத்தோட குழப்பிக்காதீங்க. உயில் நம்ம காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், அதுவரைக்கும் வீடு நம்முடையது. செட்டில்மெண்ட் எழுதினா, எழுதின அன்னைக்கே வீடு பிள்ளையோடது. அப்படி எழுதித்தான் ஆகணும்னா, "என்னைக் கடைசிவரை பராமரிக்கணும்"கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்க. அது இருந்து, பிள்ளை கைவிட்டா, 60 வயசானவங்க 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கலாம்.

பேங்கில் நாமினி போட்டிருக்கேன், அது போதாதான்னு ஒரு அக்கா காலையில் கேட்டாங்க. நாமினி பணத்தை வாங்கிக்கிறவர், அவ்வளவுதான். அதில் வாரிசுகளோட பங்கு அப்படியே இருக்கும்.

நான் சொன்ன வரிசை இந்துக்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேற. முஸ்லிம் சகோதரிகள் மூணில் ஒரு பங்குக்கு மேல உயில் எழுதினா, வாரிசுகள் சம்மதம் வேணும். கேட்டுட்டு எழுதுங்க. கேக்கிறதுக்குக் காசு வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இல்ல 15100-க்குப் போன் போடுங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு நானும் வருவேன். இடம், வீடு இருக்கிறவங்க பத்திர ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ஒரிஜினலை யார்கிட்டயும் குடுக்காதீங்க, என்கிட்டயும்தான்.

எங்க அம்மா கதையை முடிக்கல. போன வாரம் பூக்கட்டிக்கிட்டே, "ஏண்டி, அந்த உயிலுல என் தோட்டையும் எழுதலாமா? அதை உன் அண்ணன் மகளுக்குக் குடுக்கணும்"னு கேட்டுச்சு. ரெண்டு சாட்சி தேடிக்கிட்டு இருக்கோம்.