வற்றாப்பளை அம்மனும் நமது கடமையும்



திருக்கோயில் என்றதும் நம்மிற் பலருக்கு வானளாவிய கோபுரமும் கருங்கல் மண்டபமுமே நினைவுக்கு வருகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலோரம் எழுந்தருளியிருக்கும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஆலயமோ, அவற்றிற்கும் அடியில் இருக்கவேண்டிய அத்திவாரத்தை நமக்குக் காட்டுகின்றது.

மதுரையை எரித்த கண்ணகி ஈழம் போந்து பத்தாவதாகத் தங்கிய இடமே ‘பத்தாம்பளை’ என வழங்கி, வற்றாப்பளை என மருவிற்று என்பது கர்ணபரம்பரை. மூதாட்டி வடிவில் வேம்பின் கீழமர்ந்த அன்னை, மாடு மேய்த்த சிறுவர்களைப் பொங்கச் சொன்னாள். விளக்குக்கு எண்ணெய் இல்லையே என அவர்கள் வருந்த, கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு பணித்தாள். விளக்கும் எரிந்தது என்பர்.

அந்த விளக்கே விழாவின் உயிர். வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கேற்றுவர். பின்னர், பொங்கல் திங்களன்று வற்றாப்பளையில் அடியார் திரள்வர். கடலோர ஊரும் வயலூரும் கூடினாலன்றி இவ்விழா நிறைவுறாது. வேம்பின் நிழலே மூலஸ்தானம் எனின், ஊர்களின் ஒற்றுமையே அதன் திருமதில் எனலாம்.

கண்ணகி வழிபாடு நமக்கு மட்டும் உரியதன்று. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தைப் போற்றுகின்றனர்.

2009ஆம் ஆண்டு வைகாசியில், இதே நந்திக்கடலோரத்திலேயே போரின் இறுதி நாட்கள் கழிந்தன. எஞ்சிய சனங்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டனர். பலர் திரும்பவேயில்லை. திரும்பியோர் முதலிலே தேடியவற்றுள் அம்மன் வாசலும் ஒன்று. மீண்டும் பொங்கினர், மீண்டும் விளக்கு எரிந்தது.

ஆனால், பாக்குத்தெண்டல் முதல் மடை பரவுதல் ஈறாக, எத்தொண்டு யாருக்குரியது, எது முன், எது பின் என்பதெல்லாம் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே இருக்கின்றன. கைத்தொலைபேசி எடுக்கும் படம் சுடரைக் காட்டும். திரி திரிக்கும் முறையைச் சொல்லித் தராது.

ஆகவே இளைஞர்களே, இவ்வாண்டு நாம் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் அருகிலமர்ந்து, கேட்டதைக் கொப்பியில் எழுதுவோம். பெரியோர்களே, எம்மைப் பிழைபிடித்தேனும் கற்பியுங்கள். கோபுரம் இடிந்தால் மறுபடி கட்டலாம். மறந்த முறையை எவ்வாறு மீட்போம்?

அன்னை அருள் பாலிப்பாளாக.